தென்மலையின் ஒற்றைக் கூம்புமரம்

கிறிஸ்துமஸ் வந்தால் தாம்பரத்தில் நம்மில் பலர் வீட்டில் சவுக்குக் கிளையை நட்டு, பஞ்சு ஒட்டி அலங்கரிக்கிறோம். பார்வைக்கு ஊசியிலை மரம்போல் இருந்தாலும் சவுக்கு பூக்கும் தாவர வகையைச் சேர்ந்தது. கொடைக்கானலில் நாம் கண்டு வியக்கும் பைன் மரங்களோ மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அப்படியானால் தென்னிந்தியக் காடுகளில் தானாக வளரும் கூம்புமரமே இல்லையா?

உண்டு தோழியரே, ஒன்றே ஒன்று! அதன் பெயர் நாகேயா வாலிச்சியானா. பழைய நூல்களில் போடோகார்பஸ் என்றிருக்கும். கல்கத்தா தாவரத் தோட்டத்தை நிர்வகித்த டென்மார்க் நாட்டு வாலிச்சின் பெயரைத் தாங்கியது.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு ஊசியிலையும் இல்லை, பைனைப்போல் கூம்புக்காயும் இல்லை. இலை அகன்றிருக்கும். நடுநரம்பு கிடையாது, பல நரம்புகள் இணையாக ஓடும். சிக்கிம் மலைகளின் லார்ச் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும். இதுவோ என்றும் பசுமை.

அஸ்ஸாம் முதல் நியூகினி வரை வளர்வதால் உலக அளவில் இம்மரத்திற்கு ஆபத்தில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான், மழைக்காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அரிதாகிவிட்டது. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தேயிலைக்கும் ஏலத்திற்கும் காட்டை வெட்டித் துண்டாக்கியபின் ஒரு துண்டில் ஆண் மரம் மட்டும் மிஞ்சினால் விதை ஏது?

களக்காடு–முண்டந்துறைக் காடு 1988-இல் புலிகள் காப்பகமாயிற்று. புலிக்கென்று காக்கும் அந்தக் காட்டில் இம்மரத்திற்கும் இடம் கிடைத்திருக்கிறது.