கைப்பட்டை பொருந்தினால்தான் பிரஷர் அளவு சரி

வாப்பாவுக்கு பிரஷர் 150 என்றதும் மாத்திரையை நினைத்துக் கவலைப்படுகிறோம். கையில் சுற்றிய பட்டை பொருந்தியதா என்று பார்ப்பதில்லை. வழக்கமான பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள மேல்கைக்கே ஏற்றது. பருத்த கையில் அதைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. இல்லாத நோய்க்கு மருந்து தொடங்க இது போதும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஸதகாவாகக் கருவி வாங்கித் தரும்போது, துல்லியம் சோதிக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்டு, சிறிய, பெரிய பட்டைகளையும் சேர்த்தே கொடுப்போம். அளக்கும் முன் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைப்போம். “இந்தப் பட்டை என் கைக்குச் சரிதானா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால், மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.