சால்மன் மீன் அறுவடை: மீனுக்கேற்ற கருவி அமைக்கும் முறை

மீன் வளர்ப்பில் குஞ்சு விடுவதிலும் தீவனம் இடுவதிலும் காட்டும் அக்கறையைப் பலரும் அறுவடையன்று காட்டுவதில்லை. எப்படியும் சாகப்போகும் மீன்தானே என்று கரையில் கொட்டிவிடுகிறோம். மீன் எவ்வாறு சாகிறது என்பது அதன் வேதனையை மட்டுமன்றி, இறைச்சியின் தரத்தையும் விலையையும் நிர்ணயிக்கிறது. இதை நன்கு உணர்ந்து கருவிகள் அமைத்தவர்கள் நார்வே நாட்டு சால்மன் பண்ணையாளர்கள்.

சால்மன் குளிர்நாட்டு மீன். நம் கடற்கரையில் 'இந்திய சால்மன்' என்று விற்கப்படும் காலா வேறு இனம். நார்வேயில் சால்மன் குஞ்சுகளை முதலில் நன்னீரில் வளர்த்து, பின்னர் கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் விடுகிறார்கள். ஒரு கூண்டில் 2 லட்சம் மீன்கள் வரை விட அனுமதி உண்டு. மீன் 4 முதல் 5 கிலோ எடை வந்ததும் அறுவடை.

துடித்தால் என்ன நேரும்?

மீன் துடிக்கும்போது தசையில் சேமித்துள்ள சக்தி தீர்ந்து, லாக்டிக் அமிலம் சேர்கிறது. இதனால் இறந்த மீன் சீக்கிரமே விறைத்துப்போகிறது. பின்பு இறைச்சி மென்மையாகி வெடிப்பு விடுகிறது. முன்பு கரியமில வாயு கரைந்த நீரில் மீனை விட்டு மயக்குவது வழக்கம். அதில் மீன் உணர்விழக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை கடுமையாகத் துடிக்கும். இம்முறை நார்வேயில் 2012 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

இருவகைக் கருவிகள்

முதல் வகை, தலையில் அடித்து மயக்குவது. அழுத்தக் காற்றால் இயங்கும் தண்டு, கண்களுக்குச் சற்றுப் பின்னால் உச்சந்தலையில் ஓங்கி அடிக்கிறது. அடி சரியாக விழுந்தால் ஒரு விநாடிக்குள் உணர்வு போய்விடும். இரண்டாவது வகை, மின்சாரத்தால் மயக்குவது. இதில் மீன் மயக்கம் தெளிந்துவிடக்கூடும். ஆகவே உடனடியாகச் செவுளை அறுத்து இரத்தத்தை வடிக்க வேண்டும். மின் அளவு தவறினால் முதுகெலும்பு முறிந்து, இறைச்சியில் இரத்தப் புள்ளிகள் தோன்றும்.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

1. மீனின் இயல்பைப் பயன்படுத்த வேண்டும். சால்மன் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும். ஆஸ்திரேலியாவில் உருவான ஒரு கருவியில், ஆழம் குறைந்த நீரோட்டத்தை எதிர்த்து மீன் தானாகவே குறுகிய வாய்க்காலுக்குள் நுழைகிறது. மூக்கு விசையைத் தொட்டதும் அடி விழுகிறது. கையால் பிடித்து இழுக்கும் வேலை இல்லை.

2. மீனின் தலை அளவுக்கேற்பக் கருவியை மாற்றி வைக்கும் வசதி வேண்டும். ஒரே கூண்டிலும் மீன்கள் ஒரே அளவாக இரா. முதிர்ந்த ஆண் மீனுக்குத் தாடை நீண்டு வளைந்திருப்பதால் அடி இடம் மாறி விழும்.

3. நீருக்கு வெளியே எடுத்து மயக்கும் மின் கருவியில் மீன் தலை முன்னாகவே நுழைய வேண்டும். வால் முதலில் நுழைந்தால், மயங்கும் முன்பே அதிர்ச்சியால் வேதனைப்படும்.

4. மீனை உறிஞ்சி ஏற்றும் குழாயில் கூர்மையான வளைவும், பற்றவைப்பின் முனைகளும் இருக்கலாகாது. மீன் உயரத்திலிருந்து விழக்கூடாது.

5. கருவி தவறவிட்ட மீனைக் கண்டறிய ஓர் ஆள் தேவை. செவுள் மூடி அசைந்தாலோ, மீனைப் புரட்டும்போது கண் சுழன்றாலோ உணர்வு உள்ளது என்று பொருள். உடனே கட்டையால் மீண்டும் அடிக்க வேண்டும்.

எவ்வளவு சிறந்த கருவியாயினும், கூண்டில் மீனை வெகுநேரம் நெருக்கி வைத்தால் பயன் இல்லை. களைத்த மீன் கருவிக்குள் நீந்தாது.

நம் குளங்களில்

கட்லா, ரோகு வளர்ப்போருக்கு இத்தகைய இயந்திரம் தேவையில்லை; அதன் அடிப்படை விதிகள் போதும். உயிருடன் விற்கும் மீன் நீங்கலாக, மற்றவற்றுக்கு இவ்வாறு செய்யலாம். அறுவடைக்கு முந்தின நாள் தீவனத்தை நிறுத்துங்கள். வெயிலுக்கு முன், விடியற்காலையில் வலை இழுங்கள். ஒரேயடியாகக் கரையேற்றாமல், வலையை நீரிலேயே வைத்துச் சிறிது சிறிதாக எடுங்கள். கனமான மரக்கட்டையால் கண்களுக்குப் பின்னால் உச்சந்தலையில் ஒரே அடியாக அடித்து, செவுளை அறுத்து, இரத்தம் வடிந்தபின் பனிக்கட்டியில் வையுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது கணக்கு. உயிருள்ள மீனை நேராகப் பனிக்கட்டியில் போடுவது மயக்கும் முறையாகாது. அது வெகுநேரம் வேதனைப்படும்.

ஒரு எச்சரிக்கை: மின்சாரம் என்றதும் வீட்டு மின் இணைப்பிலிருந்து கம்பி இழுத்துக் குளத்தில் விடுவது உயிருக்கே ஆபத்து. ஒருபோதும் செய்யாதீர்கள்.

கட்டை ஒன்றும் கவனம் சிறிதும் இருந்தால், மீனின் வேதனையும் குறையும். மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த மீன் கெடாமல் சந்தைக்குப் போய்ச் சேரும்.