எல்லைக்கு இப்பால் ஒரு ஜபவேளை

ஸ்ரீவராகமூர்த்தி கோயிலின் பெரிய குளத்தை ஒட்டிய தெருக்களில் அந்தி சாய்ந்ததும் தீபாராதனை மணியோசை கேட்கும். அதே வேளையில், அடுத்த சந்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆச்சி அட்டை கழன்ற கீர்த்தனைப் புத்தகத்தை மடியில் விரித்து, தொடையில் தாளம் தட்டி ஜபத்தைத் தொடங்குவாள். 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலூகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, உத்தியோக நிமித்தமாகத் திருவனந்தபுரத்தில் குடியேறியிருந்த எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள், பூர்வீகச் சபையும் உற்றார் உறவினரும் எல்லைக்கு அப்பால் நிற்க, தாம் இப்பால் தங்கிவிட்டன. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் அவர்களுக்கு ஜபத்தின் பாஷை. ஆகையால் நூலோ, பாட்டோ, படமோ எதைத் தேர்ந்தாலும், அது பக்தியையும் பாஷையையும் சேர்த்தே கொடுக்கவேண்டியிருக்கிறது.

சங்கீதத்திலிருந்து தொடங்குவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் பாடும் அல்லவா? நம் சபைகளில் பாமாலை, கீர்த்தனை என இரு சம்பிரதாயங்கள் உண்டு. பாமாலை பெரும்பாலும் ஜெர்மானிய, ஆங்கிலப் பாடல்களின் மொழிபெயர்ப்பு. ஆர்கன் முழங்க, சபையார் நான்கு குரலாகப் பிரிந்து பாடும்போது அதன் கம்பீரத்துக்கு ஈடில்லை. ஆனால் அயல்நாட்டு மெட்டின் அளவுக்குள் தமிழ்ச் சொல்லை அடக்கியிருப்பதால், சில இடங்களில் குறில் நீண்டும் நெடில் குறுகியும் போய், பாஷை கற்கும் பிள்ளைக்கு உச்சரிப்புத் தடுமாறும். கீர்த்தனையோ, தலைப்பிலேயே ராகமும் தாளமும் குறிக்கப்பெற்று, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று தமிழின் மூச்சோடு நடப்பது. பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சை சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்ற வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளையே வீட்டுக்கு முதலில் சிபாரிசு செய்வேன். கோட்டைப் பக்கத்து வீடுகளில் பாட்டு வகுப்பின் ஸ்வரங்களைக் கேட்டே வளரும் பிள்ளைக்கு அந்த ராகங்கள் அந்நியமாயிரா. அண்டை வீட்டாரும் வந்து உடனிருக்கும் நாட்களில், மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1878-ல் வெளியிட்ட சர்வசமய சமரசக் கீர்த்தனை இருக்கிறது. கத்தோலிக்கரான அவர் இயற்றிய அப்பாடல்களை எந்தச் சமயத்தவரும் மனம் கூசாமல் பாடலாம்.

வேதாகமத்தைப் பொறுத்தவரை, எந்த மொழிபெயர்ப்பைப் பிள்ளையின் கையில் கொடுப்பது என்பதே பெரிய கேள்வி. நாகர்கோவிலில் இருக்கும் உறவினர்கள், 1871-ல் நிறைவுபெற்ற பவர் ஐயரின் பழைய மொழிபெயர்ப்பு கடினமென்றும், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் கூடி 1995-ல் வெளியிட்ட திருவிவிலியமே பிள்ளைகளுக்கு எளிதென்றும் சொல்லுவார்கள். தமிழ்நாட்டில் அது மெய்; இங்கே மெய்யன்று. பழையதில் வரும் பரிசுத்தம், சுவிசேஷம், கிருபை, இரட்சிப்பு முதலிய சொற்கள் சிறிது உருமாறி மலையாள வேதபுஸ்தகத்திலும் இருப்பதால், எங்கள் பிள்ளைக்கு அவை தெரிந்த முகங்கள்; தூய ஆவி, நற்செய்தி, மீட்பு என்று புதியது சொல்லும்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்து அர்த்தம் கேட்கிறாள். அவளுடைய இடறல் சொல்லில் இல்லை, வினைமுற்றில் இருக்கிறது. மலையாள வழக்கப்படி "இயேசு அவிடத்தில் வந்து" என்று அவள் வாக்கியத்தை முடித்துவிட, ஆச்சி புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமலே, "மக்ளே, வந்து இல்லை, வந்தார்" என்பாள். ஆகவே உரக்க வாசிப்பதற்குப் பழையதையும், பொருளை நெருங்கி அறிவதற்குப் புதியதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், இந்த ஊரில் பழையதையே வாங்குங்கள்.

மற்ற நூல்களில், பனியன் 1678-ல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-ல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், கம்பனைக் கற்றவர் ஒருவர் வீட்டிலிருந்து பதம் பிரித்துச் சொன்னால்தான் சுவைக்கும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில், அக்கதையின் வசன வடிவமான மோட்சப் பிரயாணத்தில் ஆரம்பித்து, காவியத்திலிருந்து தேவாரப் பாடல்களை மட்டும் எடுத்துப் பாடலாம். வீரமாமுனிவரின் தேம்பாவணி முதிர்ந்தவர்க்கு உரியது. அவருடைய பரமார்த்த குரு கதையையோ எட்டு வயதுப் பிள்ளைக்கும் இன்றே வாசித்துக் காட்டலாம்.

திரைப்படத்தைக் கடைசியில் வைக்கிறேன். ஒரு நடிகரின் முகம் பிள்ளையின் மனத்தில் இயேசுவின் முகமாகப் பதிந்துவிட்டால் பிறகு அதை அழிப்பது அரிது. 1948-ல் வெளிவந்த சிட்டாடல் ஞானசௌந்தரியைப் பாட்டுக்காகவே பார்க்கலாம்; 1971-ன் அன்னை வேளாங்கண்ணி கத்தோலிக்க இல்லங்களின் பக்திக்கு இசைவானது. மெல் கிப்சன் 2004-ல் எடுத்த பாடுகளின் படத்தை, அதன் கொடூரக் காட்சிகளை உத்தேசித்து, சிறுவர்க்குக் காட்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் தேர்ந்தது 1959-ன் பென்ஹர். அதில் இயேசு வருகிறார், தாகத்தால் விழுந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார், ஆனால் முகம் ஒருமுறையும் காட்டப்படுவதில்லை. மூன்றரை மணி நேரப் படமாதலால், இடைவேளையில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை மறுநாள் ஜபம் முடிந்த பிறகு பார்ப்போம்.