ஜன்னல் எந்தப் பக்கம்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உளுந்தூர்பேட்டையில் தனி அறை எடுத்து நீயே சமைக்கிறாய் என்று அக்கா சொன்னாள். ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினால் ரசத்துக்கு நாலு காம்புதான் ஆகிறது, மீதி அழுகிப்போகிறது, அறையிலேயே தொட்டி வைக்கலாமா என்று கேட்டாயாம். தாராளமாக வைக்கலாம். ஆனால் விதை வாங்குமுன் உன் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார். பலரும் பிடித்த செடியை முடிவு செய்துவிட்டு அதற்கு இடம் தேடுகிறார்கள். நீ வெயிலைப் பார்த்துச் செடியை முடிவு செய்.

கிழக்கு ஜன்னலில் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்தால் புதினா வரும், ஓமவல்லி வரும். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அது போதாது; அவை வாசலுக்கும் மொட்டைமாடிக்கும் உரியவை. கறிவேப்பிலைக்காக ஏங்காதே, காய்கறிக்காரரே கொசுறாகத் தருவார். கொத்தமல்லிக்குச் சூடு ஆகாது. சித்திரையில் தளம் போட்ட அறைக்குள் விதைத்தால் இலை பெருகுமுன் தண்டு நீண்டு பூத்துவிடும். அதைக் கார்த்திகை, மார்கழிக்கு வைத்துக்கொள்.

முதலில் புதினா. சந்தையில் வாங்கும் கட்டிலேயே உன் நாற்று இருக்கிறது. தடித்த காம்பாக நாலைந்து எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளை உருவிவிட்டு டம்ளர் தண்ணீரில் நிறுத்து. கணு மூழ்கட்டும், இலை மூழ்கினால் அழுகி நாறும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்று. பத்துநாள் வாக்கில் கணுவிலிருந்து வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கும். பிறகு தொட்டிக்கு மாற்று. ஆழம் பெரிதில்லை, அகலம் வேண்டும். புதினா படர்கிற இடமெல்லாம் வேர்விடும். அதே தொட்டியில் வேறெதையும் நட்டால் நெருக்கிவிடும்.

தொட்டியில் நிரப்பச் செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு போதும். அடியில் ஓட்டை இல்லாத தொட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதே. மாடித்தோட்டத்துக்கென்று வரும் தொகுப்பு மாடிக்குத்தான். உன் ஜன்னலுக்கு இப்போது வேண்டாம்.

அறைச் செடி தண்ணீர் மிஞ்சித்தான் பெரும்பாலும் சாகிறது. காலையில் மண்ணில் விரலை விடு; ஒரு விரற்கணு ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்று ஊற்றாதே. அடித்தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடு. டெங்கு கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில்தான்.

பறிக்கவும் தயங்காதே. இலையை மட்டும் உருவினால் குச்சிதான் மிஞ்சும். கணுவுக்கு மேலே நுனியோடு கிள்ளு, பக்கத்தில் இரண்டு கிளை வெடிக்கும்.

புதினா தழைத்தபின் கொத்தமல்லிக்கு வா. மளிகைக்கடைத் தனியாவே போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு விதை உண்டு. பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதை. முளைக்க ஒன்று, இரண்டு வாரம் ஆகும், பொறுத்திரு.

தொட்டி வைக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. சுவரில் ஈரம் இறங்கினால் பேச்சு வாங்கப்போவது நீதான்.

அன்புடன்,
மாமா