பிளாஸ்டிக் விமானத்துக்குப் பித்தளை மூக்கு

விமான மாதிரிகள் செய்வதைப் பற்றி எழுதுங்கள் என்று நம் சங்கத்துப் பெற்றோர் சிலர் கேட்டார்கள். கேட்ட விதத்திலேயே ஒரு மனத்தாங்கல் தெரிந்தது. பிள்ளை ஒரு பெட்டி வாங்குகிறது. பிறகு அந்தப் பெட்டியின் விலைக்கு மேலேயே பித்தளைத் தகடு, ரெசின் துண்டு, கட்டைவிரல் அளவு பெயிண்ட் புட்டி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் தேவைதானா, அல்லது கடைக்காரன் பிழைக்கும் வழியா என்பதே அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வே பட்டறையில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பேத்தியோடு உட்கார்ந்து இந்த மாதிரிகளைக் கட்டி வருகிறேன். எனக்குத் தெரிந்த அளவில், எந்த உதிரிக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று சொல்கிறேன்.

முதலில் அளவு. பெட்டியின் மேல் 1/72 என்றோ 1/48 என்றோ போட்டிருக்கும். இதைக் கண்டு மிரள வேண்டாம். அடி, அங்குலம் படித்த என் வயதுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1/72 என்றால் ஆறடிக்கு ஓர் அங்குலம். 1/48 என்றால் ஓரடிக்குக் கால் அங்குலம். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தை உருவம் பார்த்து அடையாளம் காணப் பயிற்சி கொடுக்கவும் 1/72 அளவு மாதிரிகளைப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் ஸ்பிட்ஃபயர் கிட்டை அதே அளவில் வெளியிட்டது. அந்த அளவு இன்றுவரை நிலைத்துவிட்டது.

உதாரணத்துக்கு மிக்-21 விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். கரக்பூரில் வாழ்ந்த நமக்கு அது புத்தகத்து விமானம் அல்ல. அடுத்த கலைக்குண்டா விமானத் தளத்திலிருந்து கிளம்பி நம் குவார்ட்டர்ஸ் ஜன்னல்களை அதிர வைத்த விமானம். 1963-ல் சண்டிகரில் நம் விமானப்படையில் சேர்ந்தது. எஃப்.எல். என்ற வகையை நாசிக்கில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டியது. விமானப்படையில் அதற்கு 'டைப் 77' என்று பெயர். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியவற்றில் அந்த வகை விமானங்களும் உண்டு. எஃப்.எல். 2013 டிசம்பரில் இதே கலைக்குண்டாவில் விடைபெற்றது. மிச்சமிருந்த மிக்-21 அனைத்தும் 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் ஓய்வு பெற்றன. இனி அதைப் பார்க்க வேண்டுமானால் பூங்காவில் தூண் மேல் நிற்பதைப் பார்க்கலாம், அல்லது நாமே செய்து வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். டைப் 77-ல்தான் அவருடைய பாதி ஆயுள் போயிற்று. அவருக்கு ஒரு மாதிரி செய்து கொடுப்பதாகச் சொல்லி, பெட்டியைக் காட்டினேன். மேல் படத்தைப் பார்த்த உடனே, "சார், இது நம்ம வண்டி இல்லை. இது பைசன் அண்ணன், பிஸ்" என்றார். முதுகு பருத்திருக்கிறது, இறக்கைக்கு அடியில் இரண்டுக்குப் பதில் நான்கு தாங்கிகள், வயிற்றில் பீரங்கி. எஃப்.எல். வகைக்கு உள்ளே பீரங்கியே கிடையாது. மூக்கிலிருந்து நீளும் பிட்டோ குழாய்கூட எஃப்.எல்.-ல் நடு உச்சியில் இருக்கும். பின்னால் வந்த எம்., பிஸ் வகைகளில் வலப்புறம் தள்ளியிருக்கும்.

இதுதான் முதல் பாடம். எலும்புக்கூடு வேறாக இருந்தால் எந்த உதிரியும் அதை மாற்றாது. பிஸ் கிட்டை எஃப்.எல். ஆக்க ரெசினில் முதுகு, மூக்கு என்று வாங்கத் தொடங்கினால், சரியான கிட்டின் விலையைப் போல இரண்டு பங்கு ஆகிவிடும். அந்தப் பெட்டியைப் பேத்தி தனக்கு வைத்துக்கொண்டாள். நண்பருக்கு எஃப்.எல். தான் வந்தது. எந்த வகை, எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போவது நல்லது.

இப்போது பித்தளைக்கு வருவோம். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அழுத்தும்போது அது ஓடி நிரம்ப இடம் வேண்டும். அதனால் பெரும்பாலான கிட்களில் கதவு, தகடு முதலியவை ஏறக்குறைய 1 மி.மீ. தடிப்புக்குக் கீழே போவதில்லை. அந்த 1 மி.மீ.யை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். சக்கர அறைக் கதவு 72 மி.மீ. தடிப்பு! கிட்டத்தட்ட மூன்று அங்குலம். விமானமா, வங்கிப் பெட்டகமா? அமிலத்தால் அரித்துச் செய்த பித்தளைத் தகடு 0.1 முதல் 0.15 மி.மீ. வரைதான் இருக்கும். பெருக்கினால் 7 முதல் 11 மி.மீ. கண்ணுக்கு உறுத்தாது. இருக்கை வாரும் அப்படியே. 45 மி.மீ. அகல வார் 1/72-ல் 0.6 மி.மீ. ஆகிறது, பிளாஸ்டிக்கில் அதைச் செதுக்கினால் கயிறு மாதிரி உருண்டு நிற்கும்.

எல்லாவற்றையும்விட பிட்டோ குழாய். காற்றின் அழுத்தத்தை அளந்து வேகத்தைக் காட்டும் குழாய் அது. மிக்-21-க்கு அதுதான் முகவெட்டு. பிளாஸ்டிக்கில் 0.8 மி.மீ. கனம் என்றால் உண்மையில் 58 மி.மீ.; ஆள் மணிக்கட்டு அளவு. போதாக்குறைக்குக் கைபட்டாலே ஒடியும். லேத்தில் கடைந்த பித்தளைக் குழாய் நுனியில் 0.3 மி.மீ.க்குக் கூர்ந்து வரும். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. லேத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கடைசல் வேலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் ரசிக்க வேண்டும். ஒரே ஓர் உதிரிக்குத்தான் பணம் உண்டு என்றால் இதை வாங்குங்கள்.

ஆக என் கணக்கு சுலபமானது. உண்மையில் மெல்லியதாக இருக்கும் பொருளுக்கு உலோகம் வாங்கலாம். உண்மையில் பருமனாக இருப்பதைப் பிளாஸ்டிக்கே ஒழுங்காகச் செய்துவிடும். செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் 2011 முதல் 1/48-ல் வெளியிட்டு வரும் மிக்-21 வரிசை மாதிரி நல்ல கிட்டாக இருந்தால் தேவை இன்னும் குறையும். விமானி அறைக்கு வண்ணம் அச்சடித்த பித்தளைப் பலகை வாங்கி, பிறகு மேல் கண்ணாடியை மூடி ஒட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். யார் பார்க்க?

ஒட்டுவதில் ஒரு வேறுபாடு உண்டு. கிட்டின் பாலிஸ்டைரீனுக்குப் போடும் மெல்லிய சிமெண்ட் உண்மையில் பசையே அல்ல. அதிலுள்ள கரைப்பான் இரு முகங்களையும் இளக வைக்கிறது; ஆறியதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தண்டவாளத்தைத் தெர்மிட் வைத்து இணைக்கிறோமே, அந்த ஜாதி. பித்தளையும் ரெசினும் அதில் இளகாது. அவற்றுக்குச் சயனோ அக்ரிலேட் வேண்டும். பெட்டிக்கடை ஃபெவிக்விக் அந்த இனம்தான். அதைப் புட்டியிலிருந்து நேரே விடக் கூடாது. ஒரு ஊசி முனையில் தொட்டு வைக்க வேண்டும். பித்தளையை முதலில் நைஸ் உப்புத்தாளில் ஓர் இழுப்பு இழுத்தால் பிடிப்பு வரும். ரெசினை எப்போதும் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகளுக்கு முகமூடி கட்டாயம்.

பெற்றோர் கேட்காத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எடை. மூன்று சக்கர விமானத்தில் எடை மையம் பின் சக்கரங்களுக்கு முன்னால் விழ வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். மூக்கில் எடை வை என்று பெட்டித் தாளில் இருக்கும். ஆனால் வெளி உதிரி சேர்த்தால் அந்தக் கணக்கு மாறும் என்று அதில் இருக்காது. பள்ளிக்கூடத் திருப்புத்திறன் பாடம் போதும், நாமே போட்டுவிடலாம்.

மாதிரியைப் பசையில்லாமல் டேப்பால் சேர்த்துக் கட்டி, ஒரு பென்சிலின் மேல் வைத்து நிலை பாருங்கள். எடை 24 கிராம், எடை மையம் பின் சக்கரக் கோட்டுக்கு 5 மி.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். 24-ஐ 5-ஆல் பெருக்கினால் 120. மூக்குக் கூம்பு அதே கோட்டுக்கு 90 மி.மீ. முன்னால் இருந்தால், 120-ஐ 90-ஆல் வகுக்க 1.3 கிராம். இப்போது ஆசைப்பட்டு வாலில் ரெசின் புகைபோக்கி வைக்கிறீர்கள். பிளாஸ்டிக்கைவிட 4 கிராம் கூடுதல், 70 மி.மீ. பின்னால். அது 280. அதற்கு மட்டும் மூக்கில் இன்னும் 3.1 கிராம் வேண்டும். மொத்தம் நாலரை, தாராளமாக ஆறு கிராம். 8 மி.மீ. எஃகு பேரிங் குண்டு ஒன்று 2 கிராமுக்குச் சற்று மேலே. மூன்று குண்டு போதும். கூம்பு கொள்ளாததை விமானி அறைக்கு முன்னால் ஒட்டலாம். தூரம் குறைவதால் அதற்கு எடை கொஞ்சம் கூட வேண்டும். என் பேத்தி இந்தக் கணக்கைப் பள்ளிக்கூட நோட்டில் போட்டதைவிட இதில் வேகமாகப் போட்டாள். தூண்டில் ஈயம் வேண்டாம். ஈயம் குழந்தைகள் கைக்கு ஆகாது. தவிர, வெள்ளை ஃபெவிகாலில் புதைத்த ஈயம் சில ஆண்டுகளில் வெண்பொடியாகி உப்பி, மாதிரியையே பிளந்துவிடும்.

பெயிண்ட் மூன்று குலம். தண்ணீர் அல்லது ஆல்கஹாலில் கலக்கும் அக்ரிலிக், மினரல் டர்பெண்டைனில் கலக்கும் எனாமல், காரமான தின்னரில் கலக்கும் லாக்கர். காரமானது அடியில், சாதுவானது மேலே. இந்த வரிசையை மாற்றி எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிக் கொதித்துவிடும். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் மலிவு என்று அதைத் துணியில் தொட்டு வெறும் பிளாஸ்டிக்கைத் துடைக்க வேண்டாம்; முகம் உருகிவிடும். நம் குவார்ட்டர்ஸ் வீடுகளில் சமையலறைக்குப் பக்கத்துத் தாழ்வாரம்தான் வேலையிடமாக இருக்கும். லாக்கர் அடிக்கும்போது அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் லாக்கரே வேண்டாம். இதில் மட்டும் நான் கறார். அக்ரிலிக்கில் செய்ய முடியாத வேலை மிகக் குறைவு.

ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு முறை தெரியும். பிரைமர், பட்டி, தேய்ப்பு, மறுபடி பிரைமர், அதற்குப் பிறகே நிறம். இங்கும் அதேதான். எஃப்.எல். முதலில் வெறும் அலுமினிய நிறத்தில் வந்தது. 1971-ல்தான் பலவற்றுக்குப் பச்சையும் பழுப்புமாகப் பூசி மறைத்தார்கள். உலோக நிறம் எதையும் மன்னிக்காது. உடலின் இரு பாதிகள் சேரும் கோடு பச்சைப் பூச்சின் கீழ் ஒளிந்துகொள்ளும். வெள்ளிப் பூச்சின் கீழ் இருமடங்காகத் தெரியும். சாம்பல் பிரைமர் அடித்து, நகத்தால் தடவி, தட்டுப்படாத வரை தேய்க்க வேண்டும். பிறகு பளபளக்கும் கறுப்பு. அது நன்றாகக் காய்ந்த பின் அலுமினியம். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஏர்பிரஷில் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தத்தில், மூன்று நான்கு மெல்லிய பூச்சாகப் போடவும். பிரஷ்தான் உண்டு என்றால் பச்சை, பழுப்பு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்; அதுவும் அழகுதான். மூக்குக் கூம்புக்கும் செங்குத்து வாலின் நுனிக்கும் வெள்ளி பூசாதீர்கள். ரேடியோ அலை ஊடுருவ வேண்டிய இடங்கள், அவை உலோகமே அல்ல.

நம் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் பச்சை. தண்ணீரில் நனைத்து ஒட்டும் அந்தப் படங்களை வழவழப்பான வார்னிஷ் மேல்தான் ஒட்ட வேண்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்துவிடும்.

கடைசியாக அழுக்கு. பத்திரிகைப் படங்களைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் எண்ணெய்க் கறை, புகைக் கறை, துரு என்று அப்பிவிடுகிறார்கள். அதற்கென்றே தனிப் புட்டிகள் விற்கிறார்கள். வால் புகைபோக்கியை ஒட்டிய தகடுகள் சூட்டில் நிறம் மங்கியிருப்பது உண்மை. அங்கே இரண்டு தகட்டை ஒரு சாயல் கருமையாக்கினேன். அதற்கு மேல் இறக்கையில் ஒரு கறைக்கோடு இழுக்கப் போனபோது நண்பர் கையைப் பிடித்துவிட்டார். "சார், நான் கையெழுத்துப் போட்டு அனுப்பின வண்டி இப்படி ஒரு நாளும் போனதில்லை. மேலே போறது யாரு பிள்ளைன்னு தெரியும் எனக்கு" என்றார். அந்த வகை விமானத்தில் போய்த் திரும்பாத பையன்கள் சிலரை அவருக்குத் தெரியும். கறைப் புட்டியை மூடி வைத்தேன். அதற்குப் பிறகு அழுக்குப் பூச்சுக்கு நான் காசு செலவழிப்பதில்லை.

பிட்டோ குழாயை எல்லாம் முடிந்த பிறகே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பூச்சின்போதும் சட்டைக் கையில் மாட்டும். 0.4 மி.மீ. துரப்பணத்தைக் கையாலேயே உருட்டித் துளை போட்டு, பித்தளையின் அடிக்காம்பை ஒரு துளிப் பசையோடு செருகி, முன்னாலிருந்தும் மேலிருந்தும் நேராக இருக்கிறதா என்று பார்க்கவும். எஃப்.எல். என்றால் நடு உச்சி. நண்பர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அந்த மாதிரி இப்போது நிற்கிறது. வாரம் ஒரு முறை வீட்டு அம்மா அலமாரியைத் துடைக்கிறார். விமானத்தை மட்டும் தொட விடுவதில்லை. மூக்குப் பக்கத்துத் தூசை அவரே பழைய வாட்டர் கலர் பிரஷால் தட்டிவிடுகிறார்.