மருமகனுக்கு, பிளாக் விஷயமாக

பத்துமலை

அன்பு மருமகனுக்கு,

உன் மைவெக் ஹெட்டின் படங்கள் வந்து சேர்ந்தன. போர்ட்டிங் செய்தவன் கைகாரன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கேம் எவ்வளவு பெரியது என்று மட்டும் நீ எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிந்துகொண்டேன். உங்கம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீ இரவில் காராக் ரோட்டில் போய் வருவது அவளுக்குத் தெரியும். அதற்கே பதினோரு மணிக்கு எனக்குப் போன் போட்டு, "அண்ணே, அவன் வந்துட்டானா?" என்று கேட்கிறாள். உன் வீட்டில் இருப்பது அவளா நானா?

கேட்டதற்கு வருகிறேன். உன் விரா காரில் ஏற்கெனவே இருக்கும் 4ஜி93 அடிப்பகுதியா, ஹாஃப்கட் கடையில் பார்த்துவைத்த 4ஜி92-ஆ? முடிவு உன்னுடையது. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

இரண்டுக்கும் போர் 81 மில்லி. அதனால்தான் நம் ஊர்ப் பையன்கள் 92-ன் மைவெக் ஹெட்டை 93-ன் பிளாக்கில் ஏற்றுகிறார்கள். வித்தியாசம் ஸ்ட்ரோக்கில்: 92-க்கு 77.5, 93-க்கு 89. அதாவது 1597 சிசியும் 1834 சிசியும். மிட்சுபிஷிக்காரன் இந்த ஹெட்டைச் சின்ன ஸ்ட்ரோக்குக்காகத்தான் செய்தான். 7500 ஆர்பிஎம்மில் 175 குதிரைச் சக்தி. காகிதத்தில் பார்த்தால் 92-தான் ஜோடி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சக்தி கிடைக்க நீ எப்போதும் 7000-க்கு மேலேயே மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். 93-ல் அதே ஹெட் பெரிய வயிற்றுக்குக் காற்று ஊட்டுவதால் உச்சம் கீழே இறங்கிவிடும், ஏறக்குறைய 6500-க்கு. கெந்திங் செம்பா ஏற்றத்தில் மூன்றாவது கியரில் தானாக இழுக்கும். 92 பிஸ்டன் 8000-ல் நொடிக்குச் சராசரி 20.7 மீட்டர் ஓடுகிறது. 93 பிஸ்டன் அந்த வேகத்தை 7000-லேயே தொட்டுவிடும். 93-ஐ 8000-க்கு விட்டால் 23.7. ராட் போல்ட் தாங்குமா என்று என்னைக் கேட்காதே. 7000-ல் கட்-ஆஃப் வைத்துவிடு.

கம்ப்ரெஷனை மறக்காதே. 92-ல் அது 11. பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் சிலிண்டருக்குச் சுமார் 40 சிசி. அதே 40 சிசியோடு நீள ஸ்ட்ரோக்கை வைத்தால் 12.5-ஐத் தொடும், ரோன் 95 போட்டால் நாக்கிங்கில் பிஸ்டன் உடையும். ஆகவே முதலில் ஹெட்டின் சேம்பரை பியூரெட்டில் அளந்து, பிறகு பிஸ்டன் வாங்கு. பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் ஒட்டி, கையால் கிராங்கைச் சுற்றிப் பார். இன்டேக் வால்வுக்கு 2 மில்லியாவது, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 இடைவெளி வேண்டும். உன் பெரிய கேமுக்கு இது கட்டாயம்.

இனி ஹாஃப்கட். கடைக்காரன் மீட்டரைக் காட்டுவான். மீட்டர் டாஷ்போர்டில் இருக்கிறது, கிராங்கில் இல்லை. அந்த எஞ்சின் வந்த மிராஜும் லான்சரும் தொண்ணூறுகளில் ஜப்பானில் ஓடியவை. மைவெக் ராக்கர் பூட்டுவதே ஆயில் அழுத்தத்தில்தான். பேரிங் தேய்ந்த அடிப்பகுதி அந்த அழுத்தத்தை எங்கிருந்து தரும்? "திறக்கவே இல்லை, ஒரிஜினல்" என்பார்கள். திறக்காததுதான் எனக்குப் பயம்.

உங்கப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கிள்ளானில் வாங்கியது என்ன ஆனது என்று உனக்கே தெரியும். ஹெட்டுக்குக் கொட்டிக் கொடுத்தவர், அடியைத் திறந்து பார்க்கும் கூலியை மிச்சம் பிடித்தார். செம்பா ஏற்றத்தில் பேரிங் சுற்றி, ராட் பிளாக்கைக் கிழித்து வெளியே வந்தது. பட்டறை வைத்திருக்கும் மச்சான் பத்துமலையில் இருக்கிறான், ஒரு வார்த்தை கேட்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இழுவை லாரிக்குப் போன் போட மட்டும் என் நம்பர் ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் தீபாவளிக்கு வந்தால் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். நானும் எடுப்பதில்லை. சரி, விடு.

இன்னொன்று. எஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. 92 வாங்கினால் ஜேபிஜே அனுமதி, புஸ்பாகோம் சோதனை, கெரானில் மாற்றம். சொந்த பிளாக்கை வைத்துக்கொண்டால் இந்த அலைச்சலே இல்லை.

ஆனாலும் உன் இஷ்டம். 92 என்றே முடிவு செய்தாலும் கோபப்பட மாட்டேன். கழற்றிக் கொண்டுவா, சேர்ந்து அளப்போம். உன் வயதில் எங்களில் யாருக்கும் உன் கை இருந்ததில்லை. இதை உங்கப்பாவிடமே சொல்லியிருக்கிறேன். போரிங் கூலியில் பாதி என்னுடையது, மறுக்காதே. போர் கேஜும் மைக்ரோமீட்டரும் இங்கே இருக்கின்றன, புதிதாக வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை அத்தை நண்டு வாங்குகிறாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, பகலில்.

அன்புடன்,
மாமா