தை நடவு: ரஸ்தாளிக் கன்றைச் சீவிப் பார்க்காமல் நடாதீர்கள்

மழை விலகிவிட்டது, சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. காவிரிப் படுகைகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் வாழை நட இதுவே பருவம். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆகவே ஆற்றுத் தண்ணீரை நம்பாமல், கிணறோ அடிபம்போ உள்ள இடத்தில் மட்டும் நடுங்கள்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். கன்றுக்குக் கன்று ஆறடி. குழிக்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு கால் கிலோ. கன்று ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டி இலைக் கன்றாக இருக்கட்டும். அகன்ற இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம். வடிகால் எடுங்கள். பக்கக் கன்றை மாதம் ஒருமுறை அறுங்கள். குலை தள்ளியதும் முட்டுக் கொடுங்கள்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். ரஸ்தாளிக்கு எமன் வாடல் நோய். மண்ணில் வாழும் ஃபுசேரியம் என்ற பூசணம் வேர் வழியாக ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். நட்ட ஐந்தாறு மாதத்தில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும். காம்பு ஒடிந்து மரத்தைச் சுற்றித் தொங்கும். அடித்தண்டு நெடுக வெடிக்கும். மத்திய அமெரிக்காவில் குரோ மிஷெல் வாழைத் தோட்டங்களை இந்தப் பூசணம்தான் அழித்தது. மருந்தால் மீட்க முடியாமல், 1950-களிலும் 60-களிலும் பெரிய கம்பெனிகளே வேறு ரகத்துக்கு மாறின. பத்து மரம் வைத்திருக்கும் நமக்கு மட்டும் மருந்து கிடைத்துவிடுமா?

நோய் வருவது கன்றோடு. வெளியே பார்த்தால் கன்று பச்சையாக, திடமாகத்தான் இருக்கும். "பொங்கலுக்கு வாசலில் கட்ட மரம் வெட்டினார்கள், பக்கத்துக் கன்றைக் கொடுத்தார்கள், நட்டேன்" என்று சொன்னவர்களின் கொல்லைகளில்தான் சென்ற ஆண்டு ஆடிக்குள் மரங்கள் சாயக் கண்டோம். எத்தனை முறை சொல்வது? தாய் மரத்தைப் பார்க்காமல் கன்று வாங்காதீர்கள். சம்பந்தி கொடுத்தாலும் வாங்காதீர்கள். இனாமாக வந்தாலும் வாங்காதீர்கள்.

கிழங்கின் அடியை மெல்லச் சீவுங்கள். வெள்ளையாக இருந்தால் சரி. செம்பழுப்பாக ஒரு புள்ளியோ கோடோ தெரிந்தாலும் அந்தக் கன்றை எரித்துவிடுங்கள். கத்தியைக் கழுவிவிட்டு அடுத்த கன்றைத் தொடுங்கள். நல்ல கன்றை, லிட்டருக்கு ஒரு கிராம் கார்பன்டசிம் கரைத்த நீரில் அரைமணி நேரம் நனைத்து நடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இது முன்காப்பு மட்டுமே. நோய் புகுந்த கன்றை எந்த முக்கலும் காப்பாற்றாது.

வாடல் கண்ட குழியில் மறுபடி ரஸ்தாளி வேண்டாம். பூசணம் மண்ணில் பல பத்தாண்டு உயிரோடிருக்கும். திசு வளர்ப்புக் கன்றை வைத்தாலும் அங்கே வாடும். மரத்தைக் கிழங்கோடு தோண்டி அங்கேயே எரித்து, குழிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அந்த இடத்தில் பூவன் வையுங்கள், அது இந்த நோயைத் தாங்கும். வயலாக இருந்தால் நெல்லுக்கு விடுங்கள்.

செத்த மரத்தை வாய்க்காலில் இழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீரோடு நோய் கடைமடை வரை போகும். உங்கள் கொல்லையில் முடிய வேண்டியதை ஊருக்கே கொடுக்காதீர்கள்.

பல வீடுகளில் பாட்டி காலத்துக் கட்டையிலிருந்து இன்றும் ரஸ்தாளி வருகிறது. நோயில்லாத அந்தக் கட்டைகள்தான் நமக்கு விதை; அவற்றின் அருகே வெளிக் கன்று எதையும் நடாதீர்கள். சந்தேகம் இருந்தால், சீவிய கிழங்குத் துண்டைப் பையில் கட்டி வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். நடுவதற்கு முன்பு வாருங்கள்.